பெயர் சொல்லிக் கூப்பிட்ட பகல்

திருகோணமலையில் நடந்த பயிற்சிக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். புதிதாக வழிகாட்டி வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்குப் பழைய ஆள் ஒருத்தி ஏதாவது சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. கதிரையை விட்டு எழும்பினேன். வணக்கம் சொன்னேன். தண்ணீர் நிறையக் கொண்டுபோங்கள் என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை, திரும்பக் கதிரையில் இருந்துவிட்டேன். நீங்கள் மரியாதைக்குக் கை தட்டினீர்கள்.

தேநீர் நேரத்தில் உங்களில் ஒருவர், மொட்டைக்கல் சுற்றுலா முகாமில் நெருப்படியில் சொல்லும் கதையை மற்றவர்களுக்குச் சொல்லிக் காட்டினார். கல்லு ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் கதை. அதில் இப்போது ஒரு பெண்ணும் வருகிறாள். பள்ளக் கிடங்குகளுக்குள் நின்றுகொண்டு, மலை ஏற வருகிறவர்களைக் கூப்பிடுகிறாளாம். அந்தத் தம்பி நன்றாகத்தான் சொன்னார். எல்லோரும் சிரித்தீர்கள். நான் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

அந்தப் பெண் யாரையும் கூப்பிடவில்லை. நாங்கள்தான் அவளைக் கூப்பிட்டோம். கூட்டத்தில் சொல்ல முடியாததை எழுதி அனுப்புகிறேன். நான் பெரிதாகப் படித்தவள் இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் பலருக்கு நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரைதான் பழக்கம். மொட்டைக்கல் வேறு மாதிரி. தோப்பூர், கிளிவெட்டி வயல்கள் முடிந்து, பற்றைக்காடு தொடங்கி, அதற்கும் அப்பால் எல்லாம் கல்லாகிப் போகிற இடம். நடுவில் மழித்த தலை போல ஒரு பெரிய பாறை. அதைச் சுற்றிச் சிவப்பு மண்ணை மழை அறுத்து அறுத்து உண்டாக்கிய கிடங்குகள். ஒன்றுக்குள் இறங்கினால் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேலே மண்சுவர். வானம் மட்டும் தெரியும். கொஞ்சத் தூரத்தில் அது இரண்டாகப் பிரியும். இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். மாரியில் அதற்குள் வெள்ளம் ஓடும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அங்கே சத்தமும் நேராக வராது. முன்னால் நிற்பவர் கதைப்பது பின்னாலிருந்து கேட்கும்.

தேன் எடுக்கவும் விறகு வெட்டவும் அங்கே போன எங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். கூ என்று ஒரு குரல், அதற்குப் பதிலாக இன்னொரு கூ, அவ்வளவுதான். பெயரைச் சொன்னால் கல்லு படித்துக்கொள்ளும் என்பார்கள். சத்தத்தைத் தேடிப் போகாதே, நின்ற இடத்தில் நில் என்றும் சொல்வார்கள். குரலை நம்பி நடந்து வழி மாறியவர்களால் வந்த பழக்கம் என்றுதான் நான் நினைக்கிறேன். தமிழர், முஸ்லிம்கள் எல்லோரிடமும் அது இருந்தது.

எங்கள் முகாமின் மூத்த வழிகாட்டி தோப்பூர்க்காரர். அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். நான் குசினியில் சமைக்கவென்று போனவள். பெண்கள் வரும்போது பாதையில் துணைக்கு ஒரு பெண் ஆள் வேண்டும் என்று அவர்தான் என்னை வெளியே எடுத்தார். முதலாளி இழுத்தடித்தபோது, "இவ கதைக்கமாட்டா. ஆனா எல்லாத்தையும் பாத்துக்கொண்டிருப்பா. கதைக்கிறத்துக்குத்தான் நான் இரிக்கனே" என்றாராம்.

உண்மைதான். நானா கதைக்கத் தொடங்கினால் வந்தவர்கள் சாப்பாட்டை மறப்பார்கள். அந்தப் பழைய பழக்கத்தை எடுத்து, அதற்குக் கையும் காலும் வைத்து ஒரு கதையாக்கியவர் அவர்தான். இரவு நெருப்படியில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார். எல்லோரும் சொல்லி முடித்த பிறகு குரலைத் தாழ்த்தி, இப்போது கல்லும் கேட்டுவிட்டது என்பார். நாளைக்குத் தனியே அகப்பட்டால் அது உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். ஆண் குரலில் கூப்பிடும், பல பக்கத்தாலும் கூப்பிடும். வாய் திறந்து பதில் சொன்னால் சரி, ஆள் இல்லை. இப்படி முடித்து, கொஞ்சம் பொறுத்து, பின்னாலிருந்து யாரையாவது கூப்பிட வைப்பார். சனம் அலறிச் சிரிக்கும். முதலாளிக்கு அந்தக் கதை பிடித்துப்போய், முகாம் விளம்பரத்திலும் போட்டார். அதைக் கேட்கவென்றே வந்தவர்கள் உண்டு.

வாசுகியும் கணவரும் கொழும்பிலிருந்து வந்தவர்கள். மட்டக்களப்புப் பக்கத்துப் பிள்ளைகள், வேலைக்காகக் கொழும்பில் இருந்தார்கள். வாசுகிக்கு முப்பது வயது இருக்கும். என்னைப் போலக் கூச்சமான பெண். மற்றவர்கள் பாட்டுப் போட்டு ஆடும்போது குசினிப் பக்கம் வந்து என்னோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இரவு நானா பெயர் கேட்டபோது அவள் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த கணவர் "வாசுகி" என்று சொன்னார். அவள் அவர் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள்.

அடுத்த நாள் விடிய எல்லோரும் பாறையில் ஏறிச் சூரியன் எழும்புவதைப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். இறங்கும்போது வாசுகி ஒதுங்கப் போக வேண்டும் என்று கணவரிடம் சொல்லியிருக்கிறாள். அன்று வயதான அம்மாமார் மூன்று பேர் வந்திருந்தபடியால் நான் அவர்களோடு முன்னால் போயிருந்தேன். மற்றப் பெண்கள் ஒரு பாறைக்குப் பின்னால் போய்விட்டு வருவார்கள். இவள் கூச்சத்தில் ஆட்களின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத இடம் தேடி, ஒரு கிடங்குக்குள் இறங்கிவிட்டாள். திரும்பும்போது பிரிவில் மற்றப் பக்கம் திரும்பியிருக்கிறாள். போன் முகாமில் சார்ஜில் கிடந்தது. தண்ணீர்ப் போத்தல் கணவரின் கையில்.

உங்களுக்கு எழுதி வைத்திருக்கும் விதிகளில் ஒன்று, ஆள் காணாமல் போனால் வீட்டு ஆட்களைத் தேடப் போக விடக்கூடாது என்பது. அது சரியான விதி. முந்தி ஒரு தகப்பன் காணாமல் போய், அவரைத் தேட ஓடிய மகனையும் சேர்த்துத் தேடியிருக்கிறோம். ஆகவே நானா கணவரை முகாமில் இருத்தி, என்னைக் காவல் வைத்தார். "தங்கச்சி, இவர எழும்ப விடாத. அழுதாலும் விடாத." பிறகு ஆட்களைச் சேர்த்தார். பொலிசுக்கும் சொல்லியாயிற்று. கிளிவெட்டியிலிருந்தும் தோப்பூரிலிருந்தும் வயல் வேலையை விட்டுவிட்டு ஆண்கள் வந்து சேர்ந்தார்கள். வழக்கமாகக் கூ என்று கூப்பிடுகிறவர்கள், கொழும்புப் பிள்ளைக்குக் கூ விளங்காது, மிருகம் என்று பயப்படும் என்று தங்களுக்குள் கதைத்து, பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது என்று முடிவு செய்தார்கள். அது அவளுக்காக யோசித்துச் செய்த காரியம். என்ன பிழை சொல்ல முடியும்?

முகாமிலிருந்து எங்களுக்கும் கேட்டது. வாசுகி. வாசுகி. ஒரு பக்கத்தால் நானாவின் குரல், மற்றப் பக்கத்தால் வேறு ஆட்கள். சிலர் வாசுகி அக்கா என்றார்கள், சிலர் மிஸ் என்றார்கள். பாறையில் பட்டு எல்லாம் திரும்பத் திரும்ப வந்தது. நேரம் போகப் போக ஆட்கள் கூடினார்கள், குரலும் கூடியது. ஆபத்து என்றால் ஆட்களைக் கூட்டுகிறோம். கூடினால் நல்லது என்று நினைக்கிறோம்.

கணவர் தன்பாட்டில் கதைத்துக்கொண்டிருந்தார். நான் தேநீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. சீனன்குடாவுக்கு இறங்கப்போகும் விமானம் ஒன்று தாழப் பதிந்து போனது. அதை அண்ணாந்து பார்த்து, "மேல இருந்து பாத்தாத் தெரியும்தானே அக்கா" என்றார். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கூடாரத்துக்குள் இருக்க ஏலாத சூடு. கிடங்குக்குள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை அவருக்குச் சொல்லவில்லை.

அவர் எழும்பி நின்றார். "இவ்வளவு பேர் கூப்பிட்டும் ஏன் அவ பேசாம இருக்கிறா?"

தூரம் போயிருப்பா, கேட்டிருக்காது என்றேன்.

"கேக்காம இருக்காது. இவ்வளவு தூரத்தில எனக்கே கேக்குது." பிறகு திரும்பவும் குந்திவிட்டார். மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவ அப்பிடித்தான். வீட்டு வாசல்ல ஆரும் தெரியாத ஆள் பேர் சொல்லிக் கூப்பிட்டா மூச்சுக் காட்டமாட்டா. தபால்காரனுக்கும் நான்தான் போகவேணும்."

 காரணத்தையும் அவராகவே சொன்னார். வாசுகி சின்னப் பிள்ளையாக இருந்தபோது, சண்டை நடந்த காலம், வீட்டுப் படலையடியில் வந்து நின்று அவளுடைய தகப்பனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் ஓம் என்று சொல்லி, சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். வரவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் தாய் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான். தெரியாத குரல் பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்லாதே.

இதைக் கேட்ட எனக்கு இரவு நெருப்படியில் அவள் சிரித்த முகம் ஞாபகம் வந்தது. வெளியே இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு குரலுக்கும் அந்தப் பிள்ளை எங்கேயோ வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறாள், அல்லது குரல் இல்லாத பக்கமாக ஓடுகிறாள். நாங்கள் தேடத் தேட அவள் தள்ளிப் போகிறாள்.

அந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசியுங்கள். கிடங்குக்குள் போன் வேலை செய்யாது. நான் போய் நானாவிடம் சொல்லலாம், ஆனால் இவரைத் தனியே விட்டால் பின்னாலேயே ஓடி வருவார். இவரையும் கூட்டிப்போகலாம், அது விதிக்கு மாறு. அதைவிட, ஊர் ஆண்கள் முழுக்க நிற்கிற இடத்துக்கு, தெரியாத ஒரு ஆணோடு தனியே காட்டுக்குள்ளால் நடந்து போகவேண்டும். இந்த வயதிலும் எனக்கு அந்தக் கூச்சம் வந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது.

கூடாரத்துக் கயிறு ஒன்றை அவிழ்த்து ஒரு நுனியை அவருடைய கையில் சுற்றினேன், மற்றதை என் இடுப்பில் கட்டினேன். அவர் கயிற்றைப் பார்த்தார். "ஆட்டைக் கட்டிற மாதிரிக் கட்டிறீங்க அக்கா" என்றார். "ஓம். அறுத்துக்கொண்டு ஓடினா நான் பிடிக்கமாட்டன்" என்றேன். அவர் ஓடவில்லை.

நானாவைக் கண்டபோது அவருக்குக் குரலே இல்லை. உதடு வெடித்து, கண் சிவந்து, பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கயிற்றையும் கணவரையும் கண்டதும் கோபம் வந்துவிட்டது. "நான் உனக்கு என்ன சொன்னனான்? இன்னொராளையும் சாகக் குடுக்கவா கொண்டுவந்த?"

எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள்.  நான் கிட்டப் போய், அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன். "நானா, கூப்பிடுறத நிப்பாட்டச் சொல்லுங்க. நீங்க கூப்பிடுறபடியாத்தான் அவ பேசாம இருக்கிறா."

முதலில் அவருக்கு விளங்கவில்லை. தகப்பனின் விஷயத்தைச் சொன்னேன். அதற்குப் பிறகு நெருப்படிக் கதையை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் அந்தச் சுடுகல்லில் அப்படியே குந்திவிட்டார். கையை உயர்த்தி எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லிக் காட்டினார். ஒவ்வொரு குரலாக அடங்கியது. கடைசியில் காற்று மட்டும் இருந்தது.

கணவர் "வாசுகி" என்று தொடங்கினார். நான் கயிற்றை இழுத்தேன். அந்தப் பெயர் வேண்டாம், அது அவளுக்கு இன்று பொல்லாத பெயர். வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டேன். அவர் சுற்றிலும் நின்ற ஆண்களைப் பார்த்தார், தலையைக் குனிந்தார். தான் சமைக்கக் குசினிக்குள் போனால் அவ பின்னால் வந்து நின்று, உப்புக் காணாது, நெருப்பைக் குறை என்று மேற்பார்வை பார்ப்பா, அதனால் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். பிறகு வாயைக் குவித்துக் கூப்பிட்டார்.

"ஓவசியரம்மா!"

வேறு நாள் என்றால் யாராவது சிரித்திருப்பார்கள். ஒருவரும் அசையவில்லை. அவர் மறுபடியும் கூப்பிட்டார். அது நெருப்படியில் யாரும் சொல்லாத பெயர், கல்லுக்குத் தெரியாத பெயர்.

"ஓம்."

மெல்லிய சத்தம். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, எல்லாப் பக்கமும்தான். ஆனால் ஓம் என்றது எல்லோருக்கும் கேட்டது. ஒரு வயல்காரர் தலைப்பாகையை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

அவர் கூப்பிட, அவள் ஓம் சொல்ல, நாங்கள் ஒவ்வொரு கிடங்கு வாயிலும் போய்க் காது கொடுத்துக் கேட்டுக் கேட்டு நடந்தோம். கண்டுபிடிக்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. நானா காலையிலிருந்து நின்று கூப்பிட்ட இடத்துக்குக் கீழே, ஒரு வளைவுக்கு அப்பால் கிடந்தாள். மேலிருந்து விழுந்து கால் முறிந்திருந்தது. மேலே ஏறி ஓடும்போது விழுந்திருக்க வேண்டும். ஒரு வீரைப் பற்றையின் நிழலுக்கு இழுத்து இழுத்துப் போயிருக்கிறாள், நிழல் நகர நகர அவளும் நகர்ந்த தடம் மண்ணில் இருந்தது. உடம்பு கொதித்தது. வேர்வை இல்லை. அது என்ன என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள்.

கணவர் அவளுடைய தலையை மடியில் வைத்தார். அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள்.

"இவ்வளவு நேரமும் எங்க இருந்தனீங்க?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. நானாவையும் பார்க்கவில்லை. "இங்கதான்" என்றார்.

உங்களுக்குப் பாடமாகச் சொல்லக்கூடியவற்றை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு வருவதில் பாடம் இல்லை. வந்தவர்களிடம் அவசரத் தொலைபேசி எண் கேட்கிறீர்கள், இரத்த வகை கேட்கிறீர்கள். வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்றும் கேளுங்கள், நெருப்படியில் அல்ல, தனியே கேளுங்கள். வீட்டு ஆட்களைத் தேட விடாதீர்கள், ஆனால் அவர்களுடைய குரலைத் தேட விடுங்கள், பக்கத்தில் பிடித்துக்கொண்டு. காணாமல் போன ஆள் பதில் சொல்லவில்லை என்றால், கேட்கவில்லை என்று மட்டும் எண்ணாதீர்கள். இந்த நாட்டில் கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்லாமல் இருக்க ஆட்களுக்குப் பல காரணம் உண்டு.

இதை எழுதுவதால் ஏதும் மாறும் என்று நான் நம்பவில்லை. நானா அடுத்த நாளிலிருந்து முகாமுக்கு வரவில்லை. இப்போது தோப்பூர்ச் சந்தையில் மரக்கறி விற்கிறார். என்னைக் கண்டால் ஒரு பிடி கீரை கூடப் போட்டுக் கட்டுவார், கதைக்கமாட்டார். அவ்வளவு கதைத்த மனிதன். முகாம் கொஞ்ச நாள் பூட்டிக் கிடந்து திறந்தது. வந்தவர்கள் கல்லுக் கதையைக் கேட்டார்கள், வேறு ஆட்கள் சொன்னார்கள். நான் வேண்டாம் என்று முதலாளியிடம் சொன்னேன். சனம் அதுக்குத்தானே வருது அக்கா என்றார். நானும் சில காலம் நின்றுவிட்டு முழங்கால் வலி என்று சொல்லி விலகினேன். முழங்கால் வலியும் உண்மைதான்.

அன்று அவளைக் கூடாரத் துணியில் வைத்து வயல் ஓரம் வரை தூக்கினோம். அங்கே ட்ராக்டர் நின்றது. பின்பெட்டியில் வைக்கோல் பரப்பி அவளைக் கிடத்தி, நான் தலைமாட்டில் ஈரத்துணியோடு இருந்தேன், கணவர் பக்கத்தில், நானா கால்மாட்டில். மூதூர் ஆஸ்பத்திரிக்குப் போவதென்று புறப்பட்டோம், வழியில் வாகனம் வந்து சந்திக்கும் என்றார்கள். நித்திரையாக விடக்கூடாது என்று யாரோ சொல்லியிருந்தபடியால் கணவர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். ஓவசியரம்மா. ஓம். ஓவசியரம்மா, சோத்துக்கு உப்புப் போட்டாச்சா? ஓம். ஒரு தரம் அவள் உதட்டில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. நானா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இரண்டு பக்கமும் வெட்டின வயல். தூரத்தில் அறுவடை மெசின் ஒன்று இரைந்துகொண்டிருந்தது. பாதை குண்டும் குழியுமாக இருந்தது. கணவர் கூப்பிட்டார். பதில் வரவில்லை. குனிந்து காதைக் கிட்ட வைத்து மறுபடியும் கூப்பிட்டார். பிறகு நிமிர்ந்து, ட்ராக்டர்க்காரத் தம்பியின் முதுகில் தட்டினார்.

"தம்பி, எஞ்சினைக் கொஞ்சம் நிப்பாட்டுங்க. அவ சொல்லுறது கேக்குதில்ல."

என் கை அவளுடைய கழுத்தில் இருந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. நானா என் முகத்தைப் பார்த்தார், அவருக்கும் தெரிந்துவிட்டது. தம்பி எஞ்சினை நிறுத்தினார். அந்த மெசினும் ஏதோ காரணத்துக்கு அப்போது நின்றிருந்தது. கணவர் வாயைக் குவித்து, அவள் எங்கேயோ தூரத்தில் இருப்பதுபோல, வயல் முழுக்கக் கேட்கக் கூப்பிட்டார்.

 கனநேரம் கழித்து நானா, "எடு தம்பி" என்றார். தம்பி எஞ்சினைப் போடவில்லை. கணவர் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.